தொகுதியும் பகுதியும்

நாடுகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு எத்தனை டன் கரியமில வாயுவைக் காற்றில் விடுகிறது என்று சொல்லும் பட்டியல் ஒன்றைச் சில காலமாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்திரிகைகள் ஆண்டுதோறும் வெளியிடுகிற, நாமும் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுகிற பட்டியல்தான். மொத்தக் கணக்கில் சீனா முதலில் நிற்கிறது, ஏறத்தாழ 1,200 கோடி டன். அமெரிக்கா சுமார் 500 கோடி. இந்தியா சுமார் 300 கோடி. இதையே தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப்போட்டால் வரிசை குலைந்துவிடுகிறது. கத்தார் 35 டன்னுக்கு மேல்; அமெரிக்கா 14 டன் அளவில்; நார்வே 7 அளவில்; பிரான்ஸ் 4 சொச்சம்; இந்தியா 2. உலகச் சராசரி 5க்குச் சற்றுக் கீழே.

இதைப் பார்த்ததும் நமக்குள் ஒரு சமாதானம் பிறந்துவிடுகிறது. நாம் இரண்டுதான், அவன் பதினான்கு. எனக்கும் இந்தச் சமாதானம் பல வருஷங்கள் இருந்தது. அது பொய்யான சமாதானம் என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டும் பதினான்கும் முப்பத்தைந்தும் எப்படி வந்தன என்று தேடிப்போனபோது, ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் எண்ணெயின் சரித்திரம் இருக்கக் கண்டேன். அந்தச் சரித்திரத்தின் வழியாகத் திரும்பி வந்து பார்த்தால் பழைய சமாதானம் இருந்த இடத்தில் இல்லை. ஏன் இல்லை என்பதை எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பட்டியலும் ஒருவர் எழுதியதுதான். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானித்து எழுதியது. வாசிப்பதில் அக்கறையுள்ளவர்கள் இதையும் வாசிக்கவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தபோது, கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று படித்தோம். தலைக்கு இத்தனை டன் என்பதும் ஒரு பின்னம்தான். மேலே புகை, கீழே ஜனங்கள். இரண்டையும் தனித்தனியே பார்க்கவேண்டியிருக்கிறது.

1

முதலில் தொகுதி. எந்த நாட்டின் புகையையும் யாரும் நேரில் பிடித்து அளந்து இந்தப் பட்டியலைப் போடவில்லை. காற்றை அளப்பது வேறு வேலை. சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் அதைத் தொடங்கினார். அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் 313 பங்கு கரியமில வாயு. 2024இல் அது 420ஐத் தாண்டிவிட்டது. ஆனால் அந்த மலைமேல் வந்து சேரும் காற்றுக்குத் தேசம் கிடையாது. கலந்தது கலந்ததுதான். யாருடையது எவ்வளவு என்று தெரியவேண்டுமானால் காற்றை விட்டுவிட்டுக் கணக்குப் புத்தகத்திடம்தான் போகவேண்டும்.

அதே கீலிங் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐக்கிய நாடுகள் சபையின் எரிபொருள் புள்ளிவிவரங்களை எடுத்துக்கொண்டு, உலகம் எரித்த நிலக்கரி, எண்ணெய், இயற்கை வாயு, சிமெண்டுக்காகச் சுட்ட சுண்ணாம்புக்கல் இவற்றிலிருந்து எவ்வளவு கரியமில வாயு வந்திருக்கவேண்டும் என்று கணக்கிட்டார். 1984இல் கிரெக் மார்லண்ட், ரால்ஃப் ராட்டி என்ற இருவர் டென்னிஸி மாநிலத்து ஓக் ரிட்ஜ் நகரில் இருந்துகொண்டு இந்த முறையைச் சீர்படுத்தினார்கள். ஹிரோஷிமாமேல் போட்ட குண்டுக்கு யுரேனியம் செறிவூட்டிய ஊர் அது. நாடுவாரிப் பட்டியல்கள் பல வருஷங்கள் அந்த ஊரிலிருந்த ஒரு மையத்திலிருந்துதான் வெளிவந்தன. 2017இல் அந்த மையம் மூடப்பட்டது. வேலை வேறு இடங்களில் தொடர்கிறது. முறை அடிப்படையில் அதுதான்.

மளிகைக்கடைக்காரருக்கும் புரியக்கூடிய முறை. ஒரு நாடு தோண்டியெடுத்ததோடு இறக்குமதி செய்ததைக் கூட்டு. ஏற்றுமதி செய்ததைக் கழி. வெளிநாடு போகும் கப்பலுக்கும் விமானத்துக்கும் நிரப்பிக்கொடுத்ததைக் கழி. கையிருப்பில் சேர்ந்ததைக் கழி. தாராகவும் பிளாஸ்டிக்காகவும் ஆனதைக் கழி. மிச்சம், எரிந்தது. எரிந்ததில் உள்ள ஒவ்வொரு 12 கிலோ கரியும் காற்றின் பிராணவாயுவோடு சேர்ந்து 44 கிலோ கரியமில வாயுவாகிறது. முக்கால் கிலோ எடையுள்ள ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து 2.3 கிலோ வாயுவாக வெளியேறுவது இப்படித்தான்.

ஆக, இந்தப் பட்டியல் வியாபாரக் கணக்கின் வயிற்றில் பிறந்தது. அதன் ஆதார விதி ஒன்றே ஒன்றுதான்: எங்கே எரிந்ததோ அந்த நாட்டின் கணக்கு. தோண்டியவர், விற்றவர், எந்தப் பொருளுக்காக எரிந்ததோ அதை வாங்கி அனுபவித்தவர் எவருக்கும் இதில் பெயரில்லை. விதியைத் தவறென்று நான் சொல்லவில்லை. ஒரே டன்னை இரண்டு முறை எண்ணாமலிருக்க ஏதாவதோர் இடத்தில் அதை எழுதித்தானாகவேண்டும். ஆனால் எழுத ஓர் இடத்தை யாரோ தேர்ந்தெடுத்தார்கள் என்பது மறந்துபோனால், எண் ஒரு நாட்டின் குணத்தைச் சொல்வதுபோல ஆகிவிடுகிறது. எண்களைப் படிக்கும்போது நமக்கு நேர்கிற விபத்து இதுதான்.

2

நிலக்கரி மட்டுமே இருந்த காலத்தில் இந்த விதி பெரிய சிக்கல் எதையும் உண்டாக்கியிராது. 1850இல் உலகம் நிலக்கரியை எரித்து வெளியேற்றிய கரியமில வாயுவில் பாதிக்கும் மேல் பிரிட்டனுடையது. அந்தக் கரியைத் தோண்டியதும் பிரிட்டன், எரித்ததும் பிரிட்டன், அதில் ஓடிய ஆலைகளின் லாபமும் பிரிட்டனுக்கு. அந்த ஆலைகளுக்குப் பருத்தி கொடுத்துவிட்டு அவற்றின் துணியைத் திரும்ப வாங்கிய நம்மைப்போன்றவர்கள் அந்தக் கணக்கில் எங்கே வருவார்கள் என்ற கேள்வி இருக்கவே இருக்கிறது. என்றாலும் தோண்டிய இடமும் எரித்த இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. கரி கனமானது, தூரம் போக விரும்பாதது.

எண்ணெய் அப்படியில்லை. குழாயிலும் கப்பலிலும் தானாகவே ஓடுவது. 1859இல் பென்ஸில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் துளைத்த கிணற்றிலிருந்து தொடங்குகிற அமெரிக்க எண்ணெய், தோண்டிய நாட்டிலேயே பெரும்பகுதி எரிந்தது என்பது உண்மை. 1920களில் உலக எண்ணெயில் பாதிக்கும் மேல் அமெரிக்காவில்தான் எடுக்கப்பட்டது. மலிவான பெட்ரோல், வீட்டுக்கொரு கார், ஊருக்கு வெளியே வெகுதூரம் பரவிய வீடுகள் என்று அமெரிக்க வாழ்க்கையே அதன்மேல் கட்டப்பட்டது. தலைக்குப் பதினான்கு என்ற எண்ணின் அஸ்திவாரம் அங்கே இருக்கிறது. இன்றும் அமெரிக்கப் புகையில் மிகப் பெரிய பங்கு எண்ணெயினுடையது.

பிரிட்டனின் கதை வேறு. தன் காலடியில் நல்ல நிலக்கரி வைத்துக்கொண்டிருந்த நாடு, முதல் உலகப் போருக்கு முந்திய வருஷங்களில் தன் போர்க்கப்பல்களை எண்ணெய்க்கு மாற்றத் தீர்மானித்தது. அப்போது கடற்படை அமைச்சர் சர்ச்சில். பாரசீகத்தில் மஸ்ஜித் சுலைமான் என்ற இடத்தில் 1908இல் எண்ணெய் கிடைத்திருந்தது. அதை எடுப்பதற்கென்று ஏற்பட்ட ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனியின் பங்குகளில் 51 சதவீதத்தை பிரிட்டிஷ் அரசாங்கமே 1914இல் வாங்கிவிட்டது. எண்ணெய் ஒருவர் மண்ணில், அதன் சொந்தம் இன்னொருவர் கையில், எரிவது மூன்றாவது இடத்தில் என்கிற ஏற்பாடு ஓர் அரசாங்கத்தின் கொள்கையாகவே ஆனது இப்போதுதான். 1951இல் மொஸாடெக் அந்தக் கம்பெனியை நாட்டுடைமையாக்கினார். 1953இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் உதவியோடு அவர் கவிழ்க்கப்பட்டார்.

1938ஆம் வருஷம் எனக்கு விசேஷமாகப் படுகிறது. அந்த பிப்ரவரியில், லண்டனில் ராயல் வானிலைக் கழகத்தின் முன் கை காலண்டர் என்ற நீராவி எஞ்சினியர் ஒரு கட்டுரையை வாசித்தார். தொழில்முறை வானிலையாளர் அல்லர் அவர். கடந்த அரை நூற்றாண்டில் மனிதர்கள் எரிபொருளால் காற்றில் சேர்த்தது ஏறத்தாழ 15,000 கோடி டன் கரியமில வாயு என்றும், பூமி ஏற்கெனவே சூடாகத் தொடங்கியிருக்கிறது என்றும் கணக்கிட்டுச் சொன்னார். கூடியிருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். அவரேகூட இதில் அபாயம் எதையும் காணவில்லை. வடக்கே விவசாயம் செழிக்கும், பனியுகம் திரும்பி வராது என்று சந்தோஷப்பட்டார். அதே பிப்ரவரியில் குவைத்தின் புர்கானில் எண்ணெய் பீறிட்டது. அடுத்த மாதம் சவூதி அரேபியாவின் தம்மாமில் ஏழாம் எண் கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. காற்றின் கணக்கு எழுதப்பட்டதும், அந்தக் கணக்கைப் பல மடங்காகப் பெருக்கப்போகிற எண்ணெய் வெளிப்பட்டதும் சில வாரங்களுக்குள். ஒன்றுக்கு மற்றொன்று தெரியாது.

3

நாடுகளின் இன்றைய எண்களை எழுதிய வருஷம் 1973 என்று எனக்குத் தோன்றுகிறது. அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர். அதையொட்டி எண்ணெய் மறுப்பு. ஒரு பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த விலை 1974 ஜனவரியில் 11 டாலருக்கு மேல். இந்த அடியை ஒவ்வொரு நாடும் எப்படி வாங்கிக்கொண்டது என்பதுதான், ஐம்பது வருஷம் கழித்து நாம் பார்க்கும் பட்டியலில் பெரும்பகுதி.

பிரான்ஸில் எண்ணெயும் இல்லை, தேவையான அளவுக்கு நிலக்கரியும் இல்லை. பிரதமர் மெஸ்மெர் 1974 மார்ச்சில் அணுமின் நிலையங்களை வரிசையாகக் கட்டும் திட்டத்தை அறிவித்தார். பாராளுமன்றத்தில் விரிவான விவாதம்கூட நடக்கவில்லை. அந்த நாட்டின் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இன்றைக்கும் அணுவிலிருந்து வருகிறது. 4 சொச்சம் என்ற எண்ணின் ரகசியம் இதுதான். டென்மார்க்கும் அன்று அதே நிலையில்தான் இருந்தது. அதன் எரிசக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு எண்ணெய். அந்நாடு தன் மின்நிலையங்களை நிலக்கரிக்கு மாற்றிக்கொண்டது. அணுமின்சாரம் வேண்டாமென்று 1985இல் அதன் பாராளுமன்றம் தீர்மானித்தது. விளைவு, 1990களில் டேனிஷ்காரர் ஒருவரின் கணக்கு பிரெஞ்சுக்காரருடையதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. பிறகு காற்றாலைகள் வந்து அது இறங்கியது வேறு கதை. 1990களில் இந்த இரு நாடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், பிரெஞ்சுக்காரர் இயற்கையிடம் பயபக்தியுள்ளவர், டேனிஷ்காரர் அக்கறையில்லாதவர் என்று முடிவு கட்டியிருக்கலாம். இருவருமே காற்றை நினைத்து எதுவும் செய்யவில்லை. எண்ணெய் விலையை நினைத்துச் செய்தார்கள்.

நாமும் அப்படித்தான். 1973 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து வாஜ்பாயி மாட்டுவண்டியில் பாராளுமன்றத்துக்கு வந்தார். அந்த வருஷம்தான் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. அடுத்த வருஷம் பம்பாய் ஹையில் எண்ணெய் கிடைத்தது, ஆனால் போதுமான அளவில் இல்லை. இந்தியாவின் எரிசக்தி நிலக்கரியின்மேல் நிற்கும் என்பது அந்த நெருக்கடியில் உறுதிப்பட்டது. இன்று இந்தியப் புகையில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரியினுடையது. நம் இரண்டு டன்னில் எண்ணெய் குறைவாக இருப்பது நம் எளிமையினால் என்று யாராவது சொன்னால், இல்லை, அன்னியச் செலாவணிப் பற்றாக்குறையினால் என்று பதில் சொல்லவேண்டும்.

4

இனி, எரித்த இடத்தில் எழுது என்ற விதி எண்ணெய் விஷயத்தில் என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.

நார்வேயின் கடலில் 1969இல் எகோஃபிஸ்க் என்ற இடத்தில் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நாட்டின் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் அருவிகளிலிருந்து வருகிறது. எனவே எண்ணெயும் வாயுவும் கிட்டத்தட்ட முழுக்க விற்பனைக்கு. விற்ற பணத்தை அவர்கள் ஊதாரித்தனமாகச் செலவழிக்கவில்லை. 1990இல் அதற்கென்று ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். 2024இல் அது ஒன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அந்த வருஷம் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார்கள். பட்டியலில் நார்வே 7 டன். அவர்கள் விற்ற எண்ணெயும் வாயுவும் வெளிநாடுகளில் எரிந்து வெளிவிடும் புகை, உள்நாட்டுப் புகையைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. அது ஜெர்மனியின் பெயரிலும் பிரிட்டனின் பெயரிலும் எழுதப்பட்டிருக்கிறது. இதில் பொய்க்கணக்கு எதுவுமில்லை. விதிப்படி எல்லாம் சரி. சாராயக்கடை வைத்திருப்பவர் தன் வீட்டில் ஒரு சொட்டும் தொடுவதில்லை என்பதுபோன்ற சரி.

கப்பல்களின் எண்ணெய் இன்னும் விசித்திரம். மேலே சொன்ன கழித்தல்களில் ஒன்று நினைவிருக்கலாம்: வெளிநாடு போகும் கப்பலுக்கும் விமானத்துக்கும் நிரப்பிக்கொடுத்ததைக் கழி. கழித்தது எங்கே போகிறது? எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராமல் தனி வரியாக நிற்கிறது. உலகிலேயே அதிகமாகக் கப்பல் எண்ணெய் நிரப்பும் துறைமுகம் சிங்கப்பூர். வருஷத்துக்கு 5 கோடி டன் அளவு எண்ணெய் அங்கே நிரப்பப்படுகிறது. இதைத் தன் கணக்கில் எழுதினால் அந்தச் சின்னத் தீவு என்ன ஆகும்? எழுதுவது நியாயமுமில்லை. அந்தக் கப்பல்களில் போவது சீனாவின் சாமான், வாங்குவது ஐரோப்பா, கொடி பனாமாவுடையது. 1997இன் கியோட்டோ ஒப்பந்தமும் இதை நாடுகளிடம் ஒப்படைக்காமல் சர்வதேசக் கப்பல், விமான அமைப்புகள் வழியே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. உலகப் புகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கு இப்படித் தேசமற்றதாக இருக்கிறது.

என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது ஓக் ரிட்ஜ் பட்டியலின் ஒரு வரி. 1991இல் ஈராக்கியப் படை குவைத்தைவிட்டுப் பின்வாங்கும்போது 600க்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடைசிக் கிணறு அணைந்தபோது நவம்பர் ஆகியிருந்தது. இந்த எண்ணெய் எரிந்தது குவைத்தில், ஆனால் குவைத் எரிக்கவில்லை. எரித்த ஈராக்கோ அதன் எரிந்த இடமில்லை. பட்டியல் போட்டவர்கள் என்ன செய்தார்கள்? ‘குவைத் எண்ணெய்த் தீ’ என்று நாடுகளின் வரிசையில், அகராதி ஒழுங்கில் குவைத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தனி இடம் கொடுத்துவிட்டார்கள். ஒரே வருஷம் உயிரோடிருந்த, குடிமக்களில்லாத நாடு. பகுதி இல்லாத தொகுதி. விதி எங்கே வேலை செய்யவில்லை என்று அதை வகுத்தவர்களே நேர்மையாக எழுதிவைத்த குறிப்பாகத்தான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

5

இனிக் கோட்டுக்குக் கீழே இருப்பது. புகையை ஜனத்தொகையால் வகுத்துப்பார்க்க வேண்டும் என்பது இன்று சாதாரண விஷயம். ஆனால் இதற்காகச் சண்டை போடவேண்டியிருந்தது. 1990இல் வாஷிங்டனிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட வரிசையில் அமெரிக்கா, சோவியத் யூனியனை அடுத்து பிரேஸில், சீனா, இந்தியா மூன்றும் முதல் ஐந்து இடங்களுக்குள் நின்றன. காட்டழிப்பையும், நெல்வயலிலிருந்தும் மாட்டின் வயிற்றிலிருந்தும் வரும் மீதேனையும் சேர்த்துப்போட்ட கணக்கு. 1991இல் டெல்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதற்கு மறுப்பு எழுதினார்கள். பிழைப்புக்காக நெல் பயிரிடுகிறவரின் வாயுவையும், சொகுசுக்காகக் கார் ஓட்டுகிறவரின் வாயுவையும் எப்படி ஒரே தராசில் வைக்கமுடியும் என்று கேட்டார்கள். காற்று எல்லோருக்கும் பொது என்றால் ஒவ்வொரு மனிதருக்கும் அதில் சமபங்கு உண்டு என்றார்கள். 1992இன் ஐ.நா. உடன்படிக்கை பொறுப்பு பொதுவானது, ஆனால் வெவ்வேறானது என்று சொன்னதற்குப் பின்னால் இந்த வாதத்தின் பலம் இருக்கிறது. 1850இலிருந்து கூட்டிப்பார்த்தால், எரிபொருள் புகையில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்காவுடையது, நூற்றுக்கு 3 அல்லது 4தான் இந்தியாவுடையது என்பதும் இந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது. நமது விஞ்ஞான எழுத்தில் இவ்வளவு கௌரவமான தலையீடு அபூர்வம். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

கத்தாரை எடுத்துக்கொள்வோம். பட்டியலின் உச்சியில் நிற்பதால் கைதட்டிச் சிரிக்க வசதியான நாடு. அதன் புகையில் பெரும்பங்கு இயற்கை வாயுவை எடுத்து, பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி வரை குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலேற்றும் வேலையிலிருந்தும், கடல்நீரைக் குடிநீராக்குவதிலிருந்தும், கட்டிடங்களைக் குளிரவைப்பதிலிருந்தும் வருகிறது. அந்த வாயுவில் ஒரு பங்கு 2004இலிருந்து குஜராத்தின் தாஹேஜ் துறைமுகத்துக்கு வருகிறது, யூரியா ஆலைகளுக்கும் போகிறது. ஆக கத்தாரின் முப்பத்தைந்தில் நம் வயலுக்கும் ஒரு சிறு பங்கு.

அதுகூடத் தொகுதிதான். பகுதியைப் பாருங்கள். கத்தாரின் ஜனத்தொகை ஏறத்தாழ 30 லட்சம். அதில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு வெளிநாட்டுக்காரர்கள். இந்தியா, நேபாளம், பங்களாதேஷ், பாகிஸ்தானிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள் பெரும்பாலோர். அவர்களை அங்கே கொண்டுபோனதும் 1973தான். எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடாவில் கட்டிடங்கள் எழும்பின. கட்ட ஆள் வேண்டியிருந்தது. ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சைப் பக்கத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் போனார்கள். அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய டாலர்தான், எண்ணெய்க்காக இந்தியா கொடுக்கவேண்டியிருந்த டாலரில் ஒரு பெரும்பகுதியை ஈடுகட்டியது. எண்ணெய்க்குப் போன பணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது அவர்கள் உழைப்பு.

இந்த ஆள் ஒரு முகாமில், ஓர் அறையில் பலரோடு படுத்துத் தூங்குகிறார். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் சாரத்தின்மேல் நிற்கிறார். பட்டியல் அவருக்கும் 35 டன் எழுதிவைத்திருக்கிறது. அவரால் அந்த 35இல் எவ்வளவு ஆகும் என்பது வேறு விஷயம். அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு: கோட்டுக்குக் கீழே நின்று அந்த நாட்டின் சொந்தக் குடிமக்களின் எண்ணைக் குறைத்துக்காட்டுகிறார். அவரை நீக்கிவிட்டு, அந்த நாட்டிலேயே அனுபவிக்கப்படுவதை மட்டும் குடிமக்களால் வகுத்தால் வரும் எண்ணைச் சொல்லக் கூச்சப்படவேண்டியிருக்கும்.

இதுவரை வந்தபோது எனக்குக் கோபம் அவர்கள்மேல்தான் இருந்தது. பிறகு அந்த ஆள் ஊருக்குத் திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். கத்தாரின் பகுதியிலிருந்து விலகி இந்தியாவின் பகுதியில் சேர்கிறார். இங்கே அவர் வீட்டில் ஒரு மின்விசிறி, சில விளக்குகள், ஒரு காஸ் அடுப்பு. போக்குவரத்துக்கு டவுன் பஸ், மிஞ்சினால் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அவர் கணக்கு இரண்டைத் தொடாது. அதே இரண்டுக்குள், அறைக்கு அறை குளிர்சாதனமும் ஆளுக்கொரு காரும் வருஷம் சில முறை விமானமும் என்று வாழ்கிற இந்தியரும் இருக்கிறார். அவருடைய எண்ணைத் தனியே எடுத்தால் ஐரோப்பியருடையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கக்கூடும். அதை இரண்டாக இறக்கிக் காட்டுவது யார்? அதே ஆள்தான். தோஹாவில் ஷேக்குக்குச் செய்ததை ஊரில் நமக்குச் செய்கிறார். 2007இலேயே இந்தியாவில் ஓர் ஆய்வு, நம் வசதிபடைத்தவர்கள் ஏழைகளின் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள் என்று தலைப்பிலேயே சொல்லியது. அது போதுமான அளவு விவாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இதைச் சொன்னால் மேல்நாட்டாரின் வாதத்துக்குக் கைகொடுப்பதாகும் என்று ஒரு நண்பர் கடிந்துகொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்கா தலைக்கு வகுக்கப்படவேண்டும் என்று கேட்கிற உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு மனிதருக்கும் காற்றில் சமபங்கு உண்டு என்ற நியாயத்திலிருந்து. அந்த நியாயம் தேச எல்லையில் நின்றுவிடவேண்டும் என்றால் அது நியாயமில்லை, வழக்கறிஞரின் சாமர்த்தியம். வெளியே போய் வகுத்துக்காட்டுகிறவர்கள் வீட்டுக்குள்ளும் வகுத்துக்காட்டவேண்டும். இந்த வரியை எழுதுகிற மின்விசிறியின் கீழும், வாசிக்கிற இடத்திலும் அந்த வகுத்தல் நடக்கவேண்டும். நம் சிறிய வட்டத்தில் பெரும்பாலோர் நாட்டுச் சராசரிக்குக் கீழே இருக்கமாட்டோம் என்றே நினைக்கிறேன்.

பட்டியல்களை எறிந்துவிட வேண்டும் என்பதல்ல என் அபிப்பிராயம். அவை இல்லாவிட்டால் 1850இலிருந்து எரித்தவர்களின் பெயரைக்கூடச் சொல்லமுடியாது. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் சில கேள்விகளை வைத்துப் படிக்க இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். இந்த எண்ணெயை விற்றவர் யார்? எரிந்தது யாருடைய தேவைக்கு? எந்த விலை நெருக்கடியில் இந்த நாடு இந்த வழியைப் பிடித்தது? கடைசியாக, கோட்டுக்குக் கீழே நிற்பவர்களில் எத்தனை பேர் மேலே இருப்பதைத் தொட்டவர்கள்? முதல் மூன்று கேள்விகளுக்கும் எண்ணெயின் சரித்திரத்தில் பதில் கிடைத்துவிடுகிறது. நான்காவதற்குக் கிடைக்கிற பதிலில் நானும் இருக்கிறேன். கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதுதான் முன்பு எனக்குத் தெரியாமலிருந்தது.